சாம்பல் குருவிக்குச் செம்புக் கம்பி எழுதுவது

ரெட்டியார்பாளையம்,
செவ்வாய்க்கிழமை.

என் செல்ல மகள் துர்காவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய இடது முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே. அங்கே லியோனில் நீ குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் வேளைக்குச் சாப்பிட்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டதுமே சளி பிடித்திருக்கிறதா, ஏன் இப்படி இளைத்துப்போனாய் என்று குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடுவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். இதை எழுதி முடித்ததும் போட்டோ பிடித்து இன்றைக்கே அனுப்புகிறேன், சனிக்கிழமைக்குள் நீ படித்தாக வேண்டும். ஏன் சனிக்கிழமை என்று உனக்கே தெரியும், எனக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் எழுத வந்தேன்.

அதற்கு முன்னால் வீட்டுச் சேதி. எதிர்வீட்டுச் செல்வாம்பாள் அக்கா மாடிக்கு மேலே இன்னொரு மாடி எழுப்புகிறார்கள், நாள் முழுக்க டைல்ஸ் அறுக்கிற சத்தம், தெருவில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்பதில்லை. அப்பா அரியாங்குப்பம் மரக்கடைக்கு வண்டியில் போவதை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகிறார், நான்தான் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். இப்போது இன்னொரு சேதி, சிரிக்காமல் படி. நீ பீரோவுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போன சிவப்பு எலக்ட்ரிக் கிட்டாரை ஒரு வருஷமாக நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஆமாம்டி, நான்தான். தூசி தட்டும்போது சும்மா அதோடு கிடந்த ஆம்ப் பெட்டியில் சொருகிப் பார்த்தேன், கொர்ர் என்று உறுமியதே தவிர ஒரு நாதமும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தட்டாஞ்சாவடி கம்பெனியில் ஃபேன் மோட்டாரோடு மாரடிக்கிறவள் அதை அப்படியே விடுவேனா, கழற்றிப் பார்த்தால் கம்பிகளுக்கு அடியில் காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடி மாதிரி செம்புக் கம்பி, நம் மோட்டாரில் சுற்றுவதேதான். ஒரு முனை விட்டுப்போயிருந்தது, பற்றவைத்தேன், சத்தம் வந்துவிட்டது. வந்த சத்தத்தை என்ன செய்வது, வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஜனவரியில் நீ வரும்போது வாசித்துக் காட்டி உன் வாயைப் பிளக்கவைக்க வேண்டும், அதுவரை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் கூடச் சத்தியம் வாங்கியிருந்தேன்.

உன் பழைய லேப்டாப்பில் அந்தத் தளம் இருந்தது, கிட்டார் பழகுகிறவர்கள் ஆளுக்கொரு புனைபெயரில் தாங்கள் வாசித்ததைப் பதிவு செய்து போட்டு, டோன் எப்படி, சோலோ எப்படி என்று தமிழிலேயே பேசிக்கொள்கிறார்களே, அதுதான். நீ எப்போதோ எட்டிப் பார்த்துவிட்டு மறந்துபோன இடம் என்று நினைத்துக்கொண்டேன், போனில் கேட்டால் கிட்டாருக்கெல்லாம் நேரமே இல்லைம்மா என்றுதானே சொல்வாய். எங்கள் கம்பெனி ஆபீஸில் இருக்கிற ஸைத் என்னை அதில் சேர்த்துவிட்டான், செம்புக் கம்பி என்று பெயர் வைத்துக்கொண்டேன். வாசித்துப் போட வெட்கம், ஆனால் மற்றவர்கள் போடுவதைக் கேட்டுக் கருத்து எழுதுவேன். மோட்டார் சத்தம் கேட்டே பழுது சொல்கிற காதில்லையா, இந்தக் கம்பி இறங்கியிருக்கிறது, அந்த இடத்தில் தாளம் நழுவுகிறது என்று கரெக்டாக எழுதிவிடுவேன். சிங்கப்பூரில் இருக்கிற வெற்றிவேல் என்பவர் செம்புக் கம்பி அண்ணன் சொன்னால் அப்பீலே இல்லை என்று எழுதினார், மற்றவர்கள் ப்ரோ ப்ரோ என்றார்கள், எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, அதை மறைக்க மாட்டேன்.

இந்த மாச ஆரம்பத்தில் சாம்பல் குருவி என்ற பெயரில் யாரோ மூன்று நிமிஷப் பதிவு ஒன்று போட்டிருந்தார்கள். அதன் கீழே நான் எழுதியது உனக்கு மனப்பாடமாக இருக்கும், ட்ரெபிள் ஏறிக் கீச்சென்று காதைக் குத்துகிறது, சோலோவில் மூச்சு விட இடமில்லை, எதற்கோ பயந்து ஓடுகிற மாதிரி இருக்கிறது, ரிஜெக்ட். கம்பெனியில் சாக்பீஸால் எழுதுகிற அதே வார்த்தை. மறுநாள் பதில் வந்தது, நன்றி ப்ரோ, எங்க அம்மா மாதிரியே சொல்றீங்க, இந்த மாசக் கடைசி சனிக்கிழமை கிட்டாரை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடப் போறேன், இனிமே எதுவும் போட மாட்டேன் என்று. அதைப் படித்துவிட்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா துர்கா, எந்த ஊர் அம்மாவோ, கெட்டிக்காரியாக இருக்கிறாளே என்று நினைத்தேன். நினைத்துச் சிரித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கம்பெனியில் பழுதான பீஸ் ஒன்றை மேஜையிலேயே வைத்திருப்போம், மற்றதை ஒப்பிட்டுப் பார்க்க. அதே மாதிரி அந்தக் குருவியின் பதிவை என் போனில் வைத்திருந்தேன். எப்போதும் ஆரம்பத்தைத் தள்ளிவிட்டு நடுவிலிருந்துதான் கேட்பேன், மோட்டார் போட்டவுடனே வருகிற சத்தத்தை நாங்கள் சேர்க்க மாட்டோம், வேகம் பிடித்த பிறகு வருவதுதான் சத்தம். அன்றைக்குக் கையெல்லாம் தேங்காய்ப்பால், தள்ளிவிட முடியவில்லை, முதலிலிருந்து ஓடியது. அப்பா மீனை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்து, ஏய் இது நம்ம துர்காடி, எப்ப அனுப்புனா, எங்கிட்ட சொல்லவே இல்லியே என்றார். இல்லீங்க, இது யாரோ குருவி என்றேன். போடி, ரெண்டு தட்டு தட்டிட்டு ஆரம்பிக்குது பாரு, வேற யாரு அப்பிடித் தட்டுவா, எங்க இன்னொரு தடவ வையி என்றார். வைத்தேன். டொக் டொக். சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்து, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி கிட்டார் மேல் ரெண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் நீ தொடங்குவாய். மரம் அறுக்கிற சத்தத்தில் பாதிக் காது போன மனுஷனுக்கு அது கேட்டது, காதை வைத்தே சம்பளம் வாங்குகிற எனக்குக் கேட்கவில்லை. துருவியையும் மூடியையும் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். அப்பா மீன் கையோடேயே என் தோளைத் தட்டிக்கொடுத்தார், அந்தப் புடவை இன்னும் நாறுகிறது.

நேற்று கம்பெனியில் யோசித்துக்கொண்டே இருந்தேன். பெல்ட்டில் நல்ல மோட்டார் வந்தால் நாங்கள் ஒன்றும் எழுத மாட்டோம், அது பாட்டுக்குப் போய்விடும், பழுதானதுக்குத்தான் சாக்பீஸ். வீட்டிலும் அப்படியே இருந்திருக்கிறேனே, பாவி. பத்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் முதல்முதலாக மேடையில் வாசித்துவிட்டு ஓடிவந்தாயே, உன்னிடம் நான் சொன்ன முதல் வார்த்தை மூணாவது கம்பி இறங்கியிருந்தது என்பதுதான். அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் எம் பொண்ணு எம் பொண்ணு என்று சொல்லிக்கொண்டிருந்தேன், உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கம்பியைத் திருகியது இப்போதுதான் கண்ணில் தெரிகிறது. என்னை மன்னித்துவிடு கண்ணு.

இப்போது உன் பதிவை முதலிலிருந்து முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். ட்ரெபிள் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது, அதைப் பொய் சொல்ல மாட்டேன், அந்தத் திருகை ரெண்டு எண் குறைத்துப் பார். ஆனால் ரெண்டாவது நிமிஷத்தில் ஓடி ஓடி வந்து சட்டென்று நின்று, ஒரே ஒரு சுரத்தை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாயே, பின்னால் எங்கோ டிராம் மணி அடிக்கிறது, அதுவும் போன பிறகுதான் மெதுவாக இறங்குகிறாய். அந்த இடம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. யார் கற்றுக்கொடுத்தார்கள் உனக்கு அப்படிக் காத்திருக்க? பயந்து ஓடுகிறது என்று எழுதினேனே, அது மட்டும் மனசை அரிக்கிறது. அங்கே தனியாக உனக்கு எதற்காவது பயமா, வேலையில் யாராவது ஏதாவது சொல்கிறார்களா? எதுவாக இருந்தாலும் சொல், நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன், முயற்சியாவது செய்கிறேன்.

அங்கே எங்களுக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருக்கிற கிட்டாரைச் சனிக்கிழமை கொடுத்துவிடாதே. கொடுத்தே தீருவேன் என்றாலும் அது உன் இஷ்டம், ஆனால் அந்த ரிஜெக்டுக்காகக் கொடுக்காதே, அதை எழுதியவளுக்கு உன்னில் பாதி கூட வாசிக்கத் தெரியாது. அதற்கு அத்தாட்சி வேண்டாமா, நேற்று சாயந்திரம் நான் வாசித்ததை ஸைத் பதிவு செய்து தளத்தில் ஏற்றிவிட்டான். செம்புக் கம்பி என்ற பெயரை எடுத்துவிட்டுச் சொந்தப் பெயரிலேயே போட்டிருக்கிறேன், அண்ணன் அண்ணன் என்றவர்களெல்லாம் இப்போது அக்கா அக்கா என்கிறார்கள். எதிர்வீட்டு டைல்ஸ் சத்தமும் உள்ளே விழுந்திருக்கிறது, ரெண்டு இடத்தில் விரல் நழுவியிருக்கிறது. குற்றமெல்லாம் எழுது, ஒன்று விடாமல் எழுது, நல்லதாக ஏதாவது கண்ணில் பட்டால் அதையும் ஒரு வரி எழுது.

எந்த ஊரில் இருந்தாலும் என் மகள் மனம் குளிர்ந்து, கை நோகாமல், நாலு பேர் வாழ்த்த நூறு வருஷம் இருக்க வேண்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், ஜனவரிக்குச் சங்கரா மீன் இப்போதே சொல்லிவைத்துவிட்டாராம். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. என் பதிவைக் கேட்கும்போது நடுவிலிருந்து கேட்காதே, முதலிலிருந்து கேள். ரெண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

உன் அம்மா,
க. பாக்கியலட்சுமி