சிவப்பு ஜாக்கெட் போன தீவு

அல் குசைஸ், துபாய்
3 டிசம்பர் 2025

அன்புள்ள சுஷ்மிதா,

'அன்புள்ள' என்பது பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. இருக்கட்டும்.

கப்பலிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அண்டார்டிகா பக்கத்துத் தெற்கு ஜார்ஜியா தீவு, கரை முழுக்கப் பென்குயின்கள், நடுவில் நீ. என் சிவப்புக் குளிர் ஜாக்கெட்டில்! கைக்கிழிசலைப் பச்சை நூலால் தைத்தவள் நான். எனக்குத் தெரியாதா?

என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன். "அலமாரி மேல சும்மாதானே கெடந்துச்சு, குடுத்துட்டேன்" என்கிறார். அருணா வருவாளா என்று அவரிடம் கேட்டாயாமே! "ரிஷி இன்னும் பால்குடி மறக்கல, அவ எங்க வரப்போறா?" என்றாராம். அத்தோடு கலாஸ், பேச்சு முடிந்தது. அக்டோபரில் குவைத் மங்காஃபிலிருந்து வந்து என் கையால் ரசம் சாப்பிட்டாயே, அப்போதே ஜாக்கெட் உன் பெட்டிக்குள் இருந்ததா?

கல்லூரி விடுதி அறைச் சுவரில் அந்தத் தீவின் வரைபடத்தை ஒட்டியது யாருடி? நானா, நீயா?

காதை மூடிக்கொண்டு நட. பனி ஆகாது உனக்கு.

அருணா


கப்பலிலிருந்து
6 டிசம்பர்

அருணாக்குட்டி,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கீழே கடைக்குப் போனாலே, ரிஷி அழுகிறானா என்று வீட்டுக்குப் பத்துத் தடவை போன் அடிக்கிறவள் நீ. உன்னைக் கேட்டு, நீ அழுது, நானும் போகாமல் நின்றுவிடுவேனோ என்று பயந்தேன்.

உன் ஜாக்கெட் என்னைப் பழிவாங்கிவிட்டது. வெளியூர் விதை ஒன்றுகூடத் தீவில் விழக்கூடாதென்று, இறங்குமுன் துணி, பூட்ஸ் எல்லாவற்றையும் துழாவுகிறார்கள். உன் ஜாக்கெட்டின் கைப்பட்டையில், நீ துபாய் ஹத்தா மலை ஏறியபோது ஒட்டிய முள்விதை! வழிகாட்டிப் பெண் இடுக்கியால் எடுத்துவிட்டு, ஜாக்கெட் யாருடையது என்றாள். சிநேகிதியுடையது என்றேன். "அவர் எந்த அறையில் இருக்கிறார்?" என்றாள். ஜாக்கெட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

நேற்று தீவின் குறுக்கே நடந்தோம். வழியில் சீல் படுத்திருந்தால், அது மனம்வைத்து நகரும்வரை குழுவே நிற்க வேண்டும். பென்குயின் தாயும் தகப்பனும் மாறிமாறிக் கடலுக்குப் போகின்றன. தாய் திரும்பியதும், குரலை வைத்தே குஞ்சு கண்டுபிடித்துவிடுகிறது.

சுஷ்மி


அல் குசைஸ்
7 டிசம்பர்

சுஷ்மிதா,

தாய்ப் பென்குயின் கடலுக்குப் போகிறதா? அதன் புருஷனும் சிநேகிதியும் கூடிப்பேசி அதைக் கரையில் உட்கார வைக்கவில்லை போல!

ஒரு சீல் நகரும்வரை காத்து நிற்கத் தெரிந்தவளுக்கு, என் ஒரு பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை.

கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். பாலை யோசித்து, காய்ச்சலை யோசித்து, நானே சொல்லியிருப்பேன். ஆனால் அந்த 'மாட்டேன்' என்னுடையதுடி. அதையும் ஜாக்கெட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

இனி எனக்குப் படம் அனுப்பாதே.

அருணா


மங்காஃப், குவைத்
22 டிசம்பர்

அருணா,

வந்துவிட்டேன். படம் எதுவும் அனுப்பவில்லை.

ஜனவரியில் ஹத்தாவில் ஒரு குழு நடை இருக்கிறது, வழிகாட்டியோடு. உன் வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

வர்றியா?

சுஷ்மி


அல் குசைஸ்
23 டிசம்பர்

சுஷ்மி,

மாட்டேன். ரிஷிக்குப் பல் முளைக்கிறது, என்னை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான்.

அப்பாடா, சொல்லிவிட்டேன்!

பிப்ரவரியிலும் கேள். ஜாக்கெட்டை அவரிடம் கொடுத்தனுப்பாமல் என் கையில் கொடு. துவைத்தாயோ, தொலைந்தாய். அந்தப் பென்குயின் வாடையாவது எனக்கு வேண்டும்.

அருணா