முக்காமி கேட்ட கேள்வி

அன்புள்ள அம்மா,

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சனிக்கிழமைகளில் எங்கள் சபை நடத்தும் கர்ப்பிணி உதவி மையத்தில் வேலை செய்கிறேன். இந்த வாரம் முக்காமி என்றொரு கல்லூரிப் பெண் அழுதுகொண்டே வந்தாள்.

"வீட்ல சொல்லிடு. அம்மா கத்துவாங்க, அப்புறம் அவங்களே கஞ்சி காய்ச்சிக் குடுப்பாங்க" என்றேன், எல்லோரிடமும் சொல்வதுபோல.

அவள் என் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். "உங்க அம்மா ரொம்பக் கத்தினாங்களாக்கா?"

"அவங்ககிட்ட இன்னும் சொல்லல."

"நல்லா இருக்கே! உபதேசம் எனக்கு மட்டுந்தானா?" அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

ஆமாம் அம்மா, எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை, அவன் போய்விட்டான். நீங்கள் தேயிலை பறித்து என்னைப் பட்டதாரியாக்கினீர்கள். அந்த வெட்கத்தில்தான் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. தகப்பன் வீட்டார் இல்லாத பிள்ளை என்பதால், நம் வழக்கப்படி உங்கள் பெயரையே வைத்தேன். அவளும் வைரிமுதான்.

பால் போதவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு நம் ஊரில் வேகவைத்துக் கொடுக்கும் கறுப்பு அவரை மொம்பாசாவில் நல்லதாகக் கிடைப்பதில்லை. பஸ்காரரிடம் கொடுத்து அனுப்பாதீர்கள், அம்மா. நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள் கதோனி