பெர்மனெண்ட் கிறிஸ்தவர்கள்

11-12-1963, புதன்

பெருமதிப்பிற்குரிய நாட்குறிப்புக்கு லூசியம்மாள் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. வாரக்கணக்கில் தங்களைத் திறவாதிருந்தமைக்கு மன்னிப்புக் கோருகிறேன். தம்பி செல்வநாதனுக்குக் காய்ச்சல். அது நீங்கியதும் எனக்கு. எனக்கு நீங்கியதும் சபைக்கு. முதலிரண்டும் மாத்திரையில் தணிந்தன. மூன்றாவதற்குத் ‘தரிசனம்’ என்று பெயர்.

ஆண்டுதோறும் டிசம்பரில் நம் சபையார் கூடி, வரும் ஆண்டில் எதை நோக்கி நடப்பது என்று ஒரு தரிசனத்தைத் தேர்ந்து, புத்தாண்டின் முதல் ஞாயிறன்று எல்லோரும் எழுந்து நின்று அதை ஒப்புக்கொள்வது வழக்கம். சென்ற ஆண்டு எதை ஒப்புக்கொண்டோம் என்று நேற்று மாதர் சங்கத்தில் வினவினேன். ஒருத்தி ஜெபம் என்றாள். ஒருத்தி சுவிசேஷம் என்றாள். ஒருத்தி பாய் வாங்குவது என்றாள். பாய் வாங்கியது உண்மை.

15-12-1963, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கொட்டகையிலேயே கமிட்டி கூடியது. ஆலயம் இன்னும் கட்டப்படவில்லை. முன்னர் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்த தகரக் கொட்டகையில்தான் வழிபாடு. உரக்கப் பாடினால் கூரையிலிருந்து தூள் உதிரும். பெண்கள் ஓரமாய் அமர்ந்து கேட்கலாம், வாய் திறக்கலாகாது.

பல ஜில்லாக்களிலிருந்து இந்நிலக்கரிச் சுரங்க வேலைக்கு வந்து சேர்ந்த சபை ஆதலால், அவரவர் கண்ட தரிசனம் அவரவர் சொந்த ஊர்க் கோயிலாகவே இருந்தது. திருநெல்வேலிக்காரருக்கு உயரமான கோபுரம். நாகர்கோவில்காரருக்கு வெள்ளை அங்கியணிந்த பாடகர் குழு. தரங்கம்பாடிக்காரருக்குப் பழைய ஞானப்பாட்டு, ஒரு சரணமும் விடாமல். இத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு தரிசித்தமையால், எதிரே இருந்த ஒருவரும் அவர்கள் பார்வையில் படவில்லை போலும்.

கடைசியாகக் காரியதரிசி மாசிலாமணி எழுந்து, ‘ஒரே குடும்பம்’ என்பதே 1964-இன் தரிசனம் என்றார். அனைவரும் ஆமென் என்றனர். எவருக்கும் எந்தச் சிரமமும் தராத தரிசனமல்லவா. மாசிலாமணி பணிமனையில் ஃபோர்மேன். என் தம்பி அவருக்குக் கீழே ஃபிட்டர். ஆகவே தம்பியின் ஆமென் சற்று உரத்தே ஒலித்தது.

தீர்மானத்தை நான் நல்ல தமிழில் எழுதித் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒப்பினேன். வேறு எவருக்கு இயலும்? நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்தான். ஆயினும் கடலூரில் அச்சுக்கோத்துப் பிழைத்த என் கணவர் உயிரோடிருந்த நாளில், அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த பிழைபட்ட தாள்களைத் திருத்தித் திருத்தியே தமிழை ஈட்டினேன். பி.ஏ. படித்தவர்களின் ஒற்றுப்பிழைகளை என் கண் விடுவதில்லை.

18-12-1963, புதன்

சின்னம்மாள் வந்தாள். முத்தாண்டிக்குப்பம் சாலையோரத்துக் கான்ட்ராக்ட் குடிசைகளில் இருப்பவள். கணவன் தனகோட்டி, சுரங்கத்தில் மேல்மண் அள்ளும் கான்ட்ராக்டரிடம் கூலி. மேல்பட்டாம்பாக்கத்துப் பக்கத்தவர்கள், அவர்கள் பாட்டன் காலத்திலேயே திருமுழுக்குப் பெற்ற குடும்பம். அக்குடிசைகளிலிருந்து ஞாயிறுதோறும் சில குடும்பங்கள் வருகின்றன. வாசலருகே அமர்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் முதலில் வெளியேறிவிடுகின்றன.

அவளுக்குக் கைக்குழந்தை, பெண். புத்தாண்டு ஞாயிறன்று கடலூரிலிருந்து போதகர் தவமணி ஐயா வரும்போது ஞானஸ்நானம் கொடுத்து, கிருபாவதி என்று பெயரிட வேண்டுமாம். முதற்குழந்தை ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இதுவும் இருமிகினே இருக்குதுக்கா. போனது பேரே இல்லாமப் போச்சு. இதுக்காவது வெச்சிடணும்.”

தரிசனமே ஒரே குடும்பம் என்றிருக்கையில் தடை ஏதென்று உறுதி கூறி அனுப்பினேன்.

22-12-1963, ஞாயிறு

மாசிலாமணி மாலையில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கே எழுந்தருளினார். குடும்பம் என்றால் யார் யார் என்று ஒரு வரையறை வேண்டுமாம். நிரந்தர வேலையிலிருப்போர் குடும்பங்கள் நிரந்தர அங்கத்தினர். கான்ட்ராக்ட் குடும்பங்கள் தற்காலிக அங்கத்தினர். தற்காலிகத்தார் ஆராதனைக்கு வரலாம்; ஆனால் திருவிருந்து, ஞானஸ்நானம், விவாகம் ஆகியவை நிரந்தர அங்கத்தினர் சம்மதித்தால்தான். மார்ச்சில் அவர்களுடைய கான்ட்ராக்ட் முடிகிறதாம், பிறகு எந்த ஊருக்குப் போவார்களோ. இன்றைக்கு இருந்து நாளைக்குப் போகிறவர்களை வைத்துக்கொண்டு சபை எப்படித் தரிசனம் காண்பது என்கிறார்.

இன்றைக்கு இருந்து நாளைக்குப் போகிறவர் என்று எல்லா மனிதரையும் குறித்தல்லவா அடக்க ஆராதனையில் வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“கம்பெனியே அப்படிப் பிரிச்சுத்தானம்மா வச்சிருக்கு. நாம என்ன கம்பெனிய விடப் பெரிய ஆளா?”

இதை அப்படியே பதிந்து வைக்கிறேன். நாளை நானே நம்பமாட்டேன். நம் ஆண்டவரை இவர்கள் எந்தக் கிரேடில் வைப்பார்கள்? தச்சுவேலை செய்தவர். ஊர் ஊராய் அலைந்தவர். குவார்ட்டர்ஸ் இல்லாதவர். ஐயமின்றிக் கான்ட்ராக்ட். வாசலருகே உட்கார வேண்டியவர்.

என்னால் எழுதித் தர இயலாது என்று திட்டமாகக் கூறிவிட்டேன். மாசிலாமணி என்னை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார். தம்பி காபி டம்ளரைப் பார்த்தான். பிப்ரவரியில் அவனுக்கு உயர்ந்த கிரேடுக்கான டிரேட் டெஸ்ட். தேறினான் என்று ஒப்பமிட வேண்டியவர் மாசிலாமணி.

29-12-1963, ஞாயிறு

அந்த வரையறையை வாக்குக்கு விடச் சபைக்கூட்டம். குவார்ட்டர்ஸ் எவர் பெயரில் இருக்கிறதோ அவருக்கே வாக்கு. எங்கள் வீட்டில் அது தம்பி. காலையிலேயே அவன் பேச வேண்டியதை எழுதிக் கொடுத்தேன்: ‘மாண்புமிகு சபையோரே, ஞானஸ்நானத்துக்கு வேலைநியமன உத்தரவு வேண்டுமென்று எந்த அப்போஸ்தலர் கட்டளையிட்டார் என அறிய அவாவுகிறேன்.’ படித்துவிட்டு, இதெல்லாம் தன் வாயில் நுழையாது என்றான். சுருக்கினேன். மேலும் சுருக்கினேன். இறுதியில் ‘ஆட்சேபிக்கிறேன்’ என்ற ஒற்றைச் சொல்லாக்கிக் கொடுத்தேன்.

எழுந்திருக்கவில்லை. கை தூக்கச் சொன்னபோது அவன் கை மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, காதைச் சொறிந்துகொண்டிருந்தது. ஆதரவு என்று எண்ணிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். “தெனம் அவரு முன்னாடி நிக்கிறவன் நான், அக்கா. உனக்கென்ன, வூட்ல உக்காந்து எழுதிகினு இருப்ப” என்றான்.

கூடப் பிறந்தவன்தானா இவன்? ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அழுகிடுமா? அந்தப் பொண்ணுக்கு நான் வாக்குக் கொடுத்துட்டு நிக்கிறேன். அவ மூஞ்சிய எப்படிப் பார்ப்பேன்?

5-1-1964, ஞாயிறு

ஒப்புக்கொண்டாயிற்று. தீர்மானத்தை யாரைக் கொண்டு எழுதுவித்தார்களோ தெரியவில்லை. எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை. ‘இச்சபை ஒரே குடும்பமாக நிலைத்திருப்போம்’ என்று மாசிலாமணி வாசிக்க, நிரந்தர அங்கத்தினர் எழுந்து நின்று முழங்கினர். தற்காலிக அங்கத்தினர் எழுவதா அமர்வதா என்பதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லி வைக்கவில்லை. சிலர் எழுந்தார்கள், சிலர் எழவில்லை. தனகோட்டி எழுந்துவிட்டு, யாரும் எழாத பக்கம் தான் நிற்பதைக் கண்டு உட்கார்ந்தான்.

முதலில் சபையின் சம்மதம் கிடைக்கட்டும், ஞானஸ்நானம் பிறகு ஆகட்டும் என்றார் போதகர் ஐயா. மிகவும் சாந்தமான மனிதர். அந்தச் சாந்தத்தால் தமக்கு எந்த நஷ்டமும் வராமல் பார்த்துக்கொள்கிறார்.

வெளியே சின்னம்மாள் என்னை நிறுத்தினாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டாள்.

“எங்க வூட்டுக்காரருக்கு வேல இருக்கிற வரைக்குந்தான் ஆண்டவரு எங்கள பாத்துகினு இருப்பாராக்கா?”



19-1-1964, ஞாயிறு

ஒரே குடும்பத்துக்குப் புதிய பாய்கள் வந்தன. முன்வரிசைக்கு.

20-2-1964, வியாழன்

தம்பி டிரேட் டெஸ்டில் தேறினான். வாழ்த்தினேன், பிழையில்லாமல்.

31-3-1964, செவ்வாய்

கான்ட்ராக்ட் முடிந்தது. புதிய கான்ட்ராக்டர் அதே ஆட்களை, அதே வேலைக்கு, அதே குடிசைகளிலேயே வைத்துக்கொண்டார். போய்விடுவார்கள் என்று அஞ்சப்பட்டவர்கள் போகவில்லை; கான்ட்ராக்டர்தான் போனார். இனியேனும் அக்குழந்தைக்குச் சம்மதம் தரலாகாதா என்று மாசிலாமணியின் மனைவியிடம் சொல்லியனுப்பினேன். அடுத்த கான்ட்ராக்டும் முடியட்டும், பார்ப்போம் என்று பதில்.

குழந்தையின் இருமல் நிற்கவில்லை. சின்னம்மாள் இப்போது என்னிடம் கேட்பதில்லை. கண்டால் சிரிக்கிறாள், அவ்வளவே.

26-4-1964, ஞாயிறு

பள்ளிக்கூடம் அடைத்தாயிற்று. பஸ் நிறுத்தத்தில் டிரங்குப் பெட்டிகளும் தண்ணீர்க் கூஜாக்களும் குவிந்திருக்கின்றன. நிரந்தர அங்கத்தினர் அனைவரும் அவரவர் ஊருக்கு லீவில் புறப்படுகின்றனர். மாசிலாமணி குடும்பம் நேற்றே போயிற்று. டிசம்பரில் கண்ணை மூடிக் கண்ட கோபுரங்களை இனி நேரிலேயே கண்டு களிக்கலாம்.

புதிய கிரேடில் சேர்ந்தவனுக்கு லீவு இல்லையாம். ஆகவே நானும் தம்பியும் இங்கேயே.

10-5-1964, ஞாயிறு

நிதானமாக எழுத முயல்கிறேன்.

போதகர் ஐயா வந்தார். கொட்டகையின் முன்பாதி காலி, பின்பாதி நிறைந்திருந்தது. அவர் பிரசங்கம் செய்ய எழுந்து, யாருமில்லாத இடத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கி, இடையில் நிறுத்திவிட்டார். எல்லாரும் கொஞ்சம் முன்னே வாருங்கள் என்றார். ஒருவரும் நகரவில்லை. தற்காலிகத்தார் எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் தீர்மானமாகிவிட்டதே. அவர் மறுபடியும் அழைத்த பிறகு, தனகோட்டி முதலில் எழுந்து வந்தான், மற்றவர்களும் வந்தார்கள். கிருபாவதி பிரசங்கம் முழுதும் இருமினாள். ஐயா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன் — சாந்தத்துக்கும் ஓர் எல்லை உண்டல்லவா.

முடிவில், சம்மதம் தரக்கூடிய நிரந்தர அங்கத்தினர் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

தம்பி மட்டும்.

நான் அவனுக்கு எதையும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. இந்தக் கேள்வி வரும் என்று எனக்கெப்படித் தெரியும்? அவன் எழுந்தான். சட்டையைச் சரிசெய்தான். மீண்டும் காதைச் சொறிவான் என்றே எண்ணினேன்.

“நான் ஒருத்தன்தான் இருக்கேங்கய்யா. எனக்குச் சம்மதம். டிசம்பர்லயே சம்மதந்தான், வாய் வரல.” பிறகு, “ஞானத்தகப்பனுக்கு ஆளு வேணும்னா நான் நிக்கிறேன்” என்றான்.

தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டாள். தனகோட்டி தலைத்துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றான். சின்னம்மாள் அழவில்லை, பெயரை மட்டும் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம் சபையின் சரித்திரத்தில் வாக்குவாதமின்றி நிறைவேறிய தீர்மானம் இதுவாகவே இருக்கும்.

8-6-1964, திங்கள்

கோபுரங்கள் திரும்பிவிட்டன. மாசிலாமணிக்குச் செய்தி எட்டியிருக்கிறது. இன்று பணிமனையில் எல்லோர் முன்னிலையிலும் தம்பியை நிறுத்தி, “ஏ செல்வநாதா, சபையே ஊர்ல இல்லாதப்ப நீரு ஒத்த ஆளே சபையாயிட்டீராவே?” என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். ஒரே ஆள் தந்த சம்மதம் செல்லாது, ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயரை அடித்துவிட வேண்டும் என்று போதகர் ஐயாவுக்கு எழுதியும் விட்டாராம். தம்பியை இந்த வாரம் முதல் நைட் ஷிப்டுக்கு மாற்றியாயிற்று.

ஒரே ஆள் தந்தது செல்லாதெனில், ஊரே கூடித் தந்த அந்த ஆமென் மட்டும் எந்த வகையில் செல்லும்? கேட்பதற்கு வேறு யாருமில்லாததால், கேள்வியை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

14-6-1964, ஞாயிறு

ஷிப்ட் முடிந்து காலையில் வந்தவன் படுக்கப் போகவில்லை. என் எதிரே அமர்ந்து, “அக்கா, நான் சொல்றத எழுது” என்றான். தாளை எடுத்து, ‘மகா கனம் பொருந்திய’ என்று தொடங்கினேன். அதெல்லாம் வேண்டாம் என்றான். அடித்துவிட்டு, அவன் சொன்னபடியே எழுதினேன். தபாலில் சேர்க்குமுன் நகல் எடுத்துக்கொள்கிறேன்:

‘போதகர் ஐயாவுக்கு செல்வநாதன் எழுதுவது. கிருபாவதி பேரை அடிக்கச் சொல்லி மாசிலாமணி சார் உங்களுக்கு எழுதியிருக்கிறார். அடிப்பதாக இருந்தால் அதோடு என் பேரையும் நிரந்தரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். குடிசைக்காரர் பேரோடு தற்காலிகத்தில் என் பேரை எழுதிக்கொள்ளுங்கள். அக்கா பேரும் அங்கேதான். நான் யோசித்துத்தான் சொல்கிறேன். வருகிற ஞாயிறுக்குள் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.’