எடைக் கணினியும் இரண்டு அட்டவணையும்

12 மே, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. செமோர் வீட்டில் ஒரு துணியும் காயவில்லை.

தெலுக் இந்தானிலிருந்து அக்கா போன். செம்பனைக் குலை வாங்கும் அவர்கள் கொட்டகையில் எடைக் கணினி எழவில்லையாம். கருப்புத் திரை, ஒரே வரி: இயங்குதளம் இல்லை. கையால் எழுதிய எடையை யாரும் நம்புவதில்லை, அச்சடித்த ரெசிட் வேண்டும். வெட்டிய குலையும் காத்திருக்காது. அதனால் வருகிற லோரிகளையெல்லாம் தன் வாயாலேயே ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கொட்டகைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இரண்டு நடை அங்கே போனால் அங்கேயே ஒட்டிக்கொள்வார்கள், கடையை மூட வேண்டியதுதான் என்று அழுதாள். அக்கா அழுதால் எனக்குக் கோபம் வரும். அத்தான் மேல்.

எடுத்துப்போக: லினக்ஸ் பெண்டிரைவ், காலி டிஸ்க் (முதலில் நகல்!!), குடை, மெங்லெம்பு கடலை.

13 மே, புதன்
தெலுக் இந்தான். நல்ல வெயில். குடை வீண்.

அத்தான் வாசலிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். "ஃபார்மட் போட்டுரலாம்லா."

ஊரில் எல்லா நோய்க்கும் அதே மருந்து. எடை மென்பொருள் எழுதிய கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது, அழித்தால் திரும்பப் போட ஒன்றும் இல்லை என்றேன். அப்புறம்தான் மெல்ல வாய் திறந்தார். கேமரா பதிவுக்கு இடம் வேண்டுமென்று எடைக் கணினியின் டிஸ்கைக் கழற்றித் தன் புது லேப்டாப்பில் மாட்டி, ஏதோ வீடியோவைப் பார்த்து, டிஸ்கில் விண்டோஸ் இருக்கும் பங்கை வேறு இடத்துக்குத் தள்ளி வைத்தாராம். லேப்டாப்பில் எல்லாம் நன்றாகத் தெரிந்ததாம். தெரியாமல் என்ன!

நகல் எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஒரே டிஸ்கில் இரண்டு பங்கு அட்டவணை, எந்தப் பங்கு எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல். முதல் செக்டரில் பழைய வகை, அதை அடுத்துப் புது வகை. பழைய கணினியை எழுப்பும் பூட் லோடர் பழையதை மட்டும்தான் படிக்கும். லேப்டாப் புதியதைப் படித்தது, புதியதை மட்டுமே திருத்தியது. வீடு மாறியவர் இரண்டு தபால்காரரில் ஒருவரிடம் மட்டும் புது முகவரி சொன்ன கதை. பூட் லோடர் பாவம், பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு "யாரும் இல்லை" என்று திரும்புகிறது.

பழைய அட்டவணையிலும் புதுத் தொடக்க எண்ணை எழுதினேன். டிஸ்கை மாட்டி பட்டனைத் தட்டினேன். மறுபடியும் கருப்பு.

ஆனால் வேறு வரி! இப்போது பங்கைக் கண்டுபிடித்துவிட்டது, உள்ளே போய்த்தான் தடுமாறுகிறது. எனக்கு உற்சாகம். அத்தானுக்கு அது வெறும் கருப்பு. கோலாலம்பூரிலிருந்து ஆள் வரவழைக்கலாம் என்று அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்கும் அளவுக்கு மெதுவாக.

மதியம் மீன் கறி. சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை. கொட்டகைக்கு ஒரு லோரிகூட வரவில்லை.

14 மே, வியாழன்
பல் விளக்கும்போது பிடிபட்டது. அட்டவணை இரண்டும் சரி. ஆனால் விண்டோஸ் பங்கின் முதல் செக்டரும் தன் தொடக்க எண்ணைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுமே. அந்த மூன்றாவது இடத்தில் இன்னும் பழைய எண். உள்ளே நுழைந்த லோடர் அதை நம்பித்தான் தவறான இடத்தில் கோப்பைத் தேடியிருக்கிறது.

வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினேன். நாலே பைட். மாற்றினேன். எழுதும்முன் மூன்று தடவை சரிபார்த்தேன்.

பட்டன். கருப்பு. கருப்பு. விண்டோஸ் சின்னம்! அப்புறம் அந்த அசிங்கமான பச்சை எடைத் திரை. உலகத்திலேயே அழகான பச்சை.

ஜெயித்தேன். நான்தான். ஃபார்மட் இல்லாமல், கோலாலம்பூர் இல்லாமல். அத்தான் தராசு மேல், ஊர்ப் பேச்சில் திம்பாங் மேல், ஏறி நின்றார், நடுவில், இரண்டு கையையும் தொங்கவிட்டு. அவர் எடை அச்சில் வந்தது. ரெசிட்டைக் கிழித்து அவர் சட்டைப் பையிலேயே செருகினேன். சிரித்தார். "கொழுந்தியா, ஒன்னைய நம்பாம போய்ட்டேன்லா" என்றார். போதும் எனக்கு.

அக்கா எல்லா லோரிக்காரர்களுக்கும் போன். பலர் எடுக்கவில்லை. முனியாண்டி அண்ணன் எடுத்தார். எப்போதும் முதல் லோரி அவருடையது.

"அண்ணே, திம்பாங் ஓடுது."

"நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் வரிசையில நிக்கிறேன் தங்கச்சி. முன்னாடி ஒரே ஒரு லோரிதான்."

அக்கா போனை வைக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது: கியர் மாற்றும் சத்தம், பின்னால் நின்ற யாரோ திட்டுவது, அப்புறம் லோரி ரிவர்ஸ் எடுக்கும் பீப், பீப், பீப்.