பலகைக்கு அப்பால் போன அப்பாவுக்கு

என் அன்பு அப்பா,

இன்று பின்னேரம் லண்டனில் நம் வால்தம்ஸ்டோவுக்கு மேலே மறுபடியும் போலீஸ் ஹெலிகொப்டர் சுற்றியது. யாரையோ தேடினார்கள். நான் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து சமையலறைச் சுவரோடு ஒட்டி நின்றேன். இந்த ஊரில் பிறந்தவள் நான். எந்த ஹெலியும் என்னைச் சுட்டதில்லை. பிறகு ஏன் அப்பா எனக்கு இந்தப் பயம்?

உங்களுக்கு ஒரு செய்தி. நீங்கள் செத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். அமெரிக்காவுக்கு, நியூ மெக்சிகோவுக்கு டிக்கெட் போடச் சொல்லி என்னை நச்சரிக்கிறார்.

அங்கே நடந்த மாமா மகளின் கலியாணத்துக்கு அம்மா நம்மோடு வரவில்லை. வேலையில் லீவு கொடுக்கவில்லை. அதனால் கலியாணம் முடிந்து நாம் சுற்றிப் பார்க்கப் போன மலைக்காட்டை அவர் பார்த்ததில்லை. கார் நிறுத்துமிடம், மர மேசைகள், இறைச்சி வாட்டும் அடுப்புகள், கழிப்பறை எல்லாம் ஒரு பக்கம். மேசைகள் முடியும் இடத்தில் ஒரு அறிவிப்புப் பலகை. அதற்கு அப்பால் காட்டைக் காடாகவே விட்டிருந்தார்கள். வண்டி போகக் கூடாது, விழுந்த மரத்தையும் கைவாளால்தான் அறுக்கலாம், போனுக்கு சிக்னல் கிடையாது. மனிதர் தீண்டாத இடமாம். அங்கே வாழ்ந்த பூர்வீகச் சனத்தைத் துரத்திவிட்டு வைத்த பெயர்தானே அது?

உயிருக்குப் பயந்து காட்டுக்குள் ஓடாதவர்களுக்குத்தான் காடு பொழுதுபோக்கு. நீங்கள் ஓடியவர். ஆனாலும் அன்று சிரித்தீர்கள்.

"ஷெல் விழாத காடு பிள்ளை. ஒருக்கா உள்ளுக்கை பாத்திட்டு வாறன்."

மத்தியானத்துக்குப் பிறகு இடியும் ஆலங்கட்டி மழையும் வந்தன. நீங்கள் வரவில்லை.

மறுநாள் காலையில் ஹெலியை அனுப்பினார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது. சிவப்பு ஜாக்கெட் போட்டிருந்தீர்களே, எப்படித் தெரியாமல் போகும்? நெடுநேரம் அந்தச் சரிவின் மேலேயே சுற்றினார்கள். கடைசியில் நடந்து தேடியவர்கள்தான் உங்களைக் கண்டெடுத்தார்கள். பெரிய பைன் மரத்தோடு ஒட்டிக் கிடந்தீர்கள். அந்தக் குளிரில் ஜாக்கெட்டைக் கழற்றி, உங்களுக்குக் கீழே வைத்து, சருகால் மூடியிருந்தீர்கள். உங்களுக்குக் காது கேட்காதா என்று தேடிய பெண் என்னிடம் கேட்டாள். ஹெலி உங்கள் தலைக்கு நேர் மேலே போனதாம்.

காது கேட்டது அப்பா. கேட்டதால்தான் ஒளிந்தீர்கள்.

வன்னியில் ஹெலி சுட்டபோது மரத்தடியில் மூச்சை அடக்கிக் கிடந்ததை இங்கே அகதி விசாரணையில் எத்தனை தரம் சொன்னீர்கள்? நம்பும்படியாக இல்லை என்று ஒரு அதிகாரி எழுதினார். பிறகு விசா தந்தார்கள். நீங்கள் எப்படி நித்திரை கொள்கிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த அதிகாரியை அந்தப் பைன் மரத்தடியில் நிற்க வைத்து, இப்போது நம்புகிறாயா என்று கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

குளிரில் செத்தீர்கள் என்று மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். அங்கே போனால் நீங்கள் ஒளிந்ததை யாராவது சொல்லிவிடுவார்கள். அதனால்தான் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு வந்தேன். ஆனால் இன்று ஹெலிச் சத்தம் ஓயும் முன்பே அம்மாவும் வந்து என் பக்கத்தில் சுவரோடு நின்றார்.

"அங்கை ஹெலி வந்ததோ?"

"ஓம்."

அம்மா மெதுவாகச் சொன்னார்.

"அப்ப ஒளிச்சிருப்பார். நானெண்டாலும் ஒளிச்சிருப்பன்."

அழவில்லை. அடுப்பில் கறி அடிப்பிடிக்குது என்று திரும்பிப் போனார். அங்கிருந்தபடியே டிக்கெட்டைப் போடு என்றார். அங்கே அந்த மர மேசைகளுக்கு அருகே நின்று பார்த்துவிட்டு வரலாம் என்றேன். இல்லை, மரத்தடி வரை போக வேண்டுமாம்.

அங்கே மறுபடியும் மழை பிடித்தால்? வழி தவறினால்? எங்களைத் தேடி ஹெலி வரும்போது வெட்டவெளியில் நின்று கை காட்ட என் கால்கள் விடுமா?

இருந்தாலும் போகிறோம். அம்மாவின் கையை விட மாட்டேன். ஹெலி வந்தால் அவரை வெளிச்சத்துக்கு இழுத்து வருவேன். அவர் என்னை அடித்தாலும் இழுப்பேன்.

உங்கள் மூத்த மகள்,
தர்சினி