கிழக்குச் சரிவில் பதினொரு திருப்பங்கள்

லீயா, 11 மார்ச் 1983

என் குட்முண்டுக்கு,

நேற்று தொலைபேசியில் நீ பேசியது மொத்தம் நான்கு வார்த்தை. அதில் இரண்டு "ம்". ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் மூன்று பேர் வரிசையில் நிற்கும்போது உன்னால் பேச முடியாது, எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குக் கடிதம் எதற்கு என்று இருந்துவிட்டோம்.

இங்கே சமையலறை ஜன்னலின் பாதி வரை பனி. மரமில்லில் உன்னோடு வேலை செய்யும் சீவர்ட் இரண்டு முறை வந்து விறகு பிளந்து அடுக்கிவிட்டுப் போனான். காப்பி போட்டு வைத்தால் குடிக்கமாட்டேன் என்கிறான். கேட்டால் "வேலை இருக்கு" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறான். நான் இருக்கும் பெண்கள் பனிச்சறுக்குக் குழுவினர் வாஃபிள் சுட்டுக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். நான்தான் யாரோடும் மலைக்குப் போகவில்லை. என் சறுக்குப் பலகைகள் கொட்டகையில் கிடக்கின்றன.

நீ அடம்பிடிக்காதே. பனியில் உறைந்துபோன இடது பாதத்தை வெட்டி எடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வலது காலில் மூன்று விரல்தான் மிச்சம். தனியாகப் படுக்கையைவிட்டு இறங்கப் பார்த்தாயாமே, நர்ஸ் சொன்னாள். உன்னால் முடியாது. மணியை அடி, அதற்குத்தான் மணி இருக்கிறது. மலையில் நடந்ததையே நினைத்துக்கொண்டும் கிடக்காதே. நடந்தது நடந்துவிட்டது.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். பழக்கதோஷத்தில் இரண்டு பின்னிவிட்டேன். ஒன்றைத்தான் பொட்டலத்தில் வைத்தேன்.

உன்
ஒட்வெய்க்


ட்ரோண்ட்ஹைம், 17 மார்ச் 1983

அன்புள்ள ஒட்வெய்க்,

காலுறை வந்தது. சூடாக இருக்கிறது. மற்றதையும் அனுப்பு, அலமாரியில் ஜோடியாக இருக்கட்டும்.

எழுதுவது எனக்கு மில்லில் கட்டை ஏற்றுவதைவிடக் கஷ்டம். ஆனால் இரண்டு விஷயம் உன்னிடம் சொல்ல வேண்டும். ஒன்று நல்லது. அதை முதலில் சொல்கிறேன்.

சறுக்குப் பலகையோடு மலையேறும்போது போடும் உதைத் திருப்பத்தை நான் கற்றுக்கொண்டுவிட்டேன். சிரிக்காதே. டிசம்பரிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில், மில்லுக்குப் பின்னாலிருக்கும் மேட்டில், சீவர்ட் சொல்லிக்கொடுத்தான். இத்தனை வருடமும் நான் செய்தது உனக்குத் தெரியும்: மலையில் திரும்ப வேண்டிய இடம் வந்தால், கோழி மாதிரி அடிமேல் அடி வைத்து விசிறியாகச் சுற்றி வருவேன். செங்குத்தான சரிவில் அது நடக்காது என்பதால் எப்போதும் நீளமான க்ரோன் பள்ளத்தாக்கு வழியே போவேன். நீயும் காப்பி விருந்துகளில், "என் வீட்டுக்காரர் திரும்பணும்னா மர லாரி திரும்பற இடம் வேணும்" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இப்போது கேள். முதலில் மிதித்து மிதித்து ஒரு சின்ன மேடை. சரிவுக்குக் குறுக்கே நிற்க வேண்டும். இரண்டு கோலையும் ஊன்றி, மேல்பக்கக் காலைத் தூக்கி, பலகையைச் சுற்றிக் கொண்டுவந்து, போக வேண்டிய திசையில் வைக்க வேண்டும். அந்த நொடியில் ஒரு கால் வடக்கே பார்க்கும், ஒரு கால் தெற்கே பார்க்கும், நடுவில் மனிதன் திருதிருவென்று முழிப்பான். பிறகு எடை முழுவதையும் புதுப் பலகைமேல் போட்டுவிட்டு, கீழ்க்கால் குதிகாலால் ஒரு தட்டு. பலகையின் மூக்கு தானாகவே மேலே எழும்பும். அப்படியே சுற்றி இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தட்டுதான் எனக்கு வராமல் இருந்தது. "காலுக்குக் கோவம் வர்ற மாதிரி தட்டு, ஆனா நீ கோவப்படாத" என்றான் சீவர்ட். வந்துவிட்டது!

ஈஸ்டருக்கு உன் குழு முன்னால் கிழக்குச் சரிவில் உனக்குக் காட்ட நினைத்திருந்தேன். அதற்கு ஒத்திகை பார்க்கத்தான் அந்தச் சனிக்கிழமை போனேன். உன்னிடம் சும்மா ஒரு நடை என்று சொல்லிவிட்டுப் போனது அதனால்தான். பதினொரு திருப்பம் போட்டேன் ஒட்வெய்க். ஒன்றுகூட விசிறி இல்லை. மேலே சமதளத்தில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தேன், என் தடம் கூர்மையாக மூலை மூலையாக அழகாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கவனிக்காமல் பனிக்கட்டியில் கால் வைத்து விழுந்தேன். முழங்கால் பிசகிவிட்டது.

இரண்டாவது விஷயம். அந்தச் சமதளத்தின் ஓரத்தில் ஒரு பாறைக்குக் கீழே தவழ்ந்துபோய்ச் சேர்ந்தேன். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், பனிமூட்டம் கொஞ்சம் விலகியபோது கீழே ஏழு விளக்குகளைப் பார்த்தேன். மீட்புக் குழுவினர் என் தடத்தின் அடியிலேயே நின்றிருந்தார்கள். கத்தினேன், காற்று எதிர்ப்பக்கம். பரவாயில்லை, தடத்தைப் பிடித்து இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏழு பேரும் க்ரோன் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள். என்னிடம் வந்தது மறுநாள் சாயங்காலம்.

ஏன் போனார்கள்? நீயும் அங்கே இருந்தாய் அல்லவா? முதல் நாளே வந்திருந்தால் பாதம் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு இது விளங்கவே இல்லை.

குட்முண்ட்


லீயா, 22 மார்ச் 1983

என் குட்முண்டுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நன்றாக எழுதுகிறாய். உனக்கு இப்படி எழுத வரும் என்று எனக்குத் தெரியாது.

திருப்பத்தைப் பற்றிச் சொன்னாயே, மேல்பக்கக் காலை முதலில் எடுத்தது சரிதான். மிதித்து மேடை செய்ததும் சரி. பலர் அதைச் செய்யாமல்தான் வழுக்குவார்கள். சீவர்ட் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றி என்ன எழுத? ஒரே பனிமூட்டம். தடத்தின் இரண்டாவது மூலைக்கு மேல் எதுவும் தெரியவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் உன் காரோடு வேறு யாருடைய காரோ நின்றது. மீட்புக் குழுவுக்குத் தலைவன் அர்ன்ஃபின், அவன் என்ன யோசித்து முடிவெடுத்தானோ. அந்த நேரத்தில் யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும். இதையெல்லாம் இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது? உடம்பைப் பார்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே பழுப்புப் பாலாடைக்கட்டி வெட்ட ஆளில்லாமல் காய்கிறது. ஈஸ்டருக்கு அங்கே வரவா?

ஒட்வெய்க்


ட்ரோண்ட்ஹைம், 28 மார்ச் 1983

அன்புள்ள ஒட்வெய்க்,

ஈஸ்டருக்கு வராதே. சாலை மோசம், பஸ்ஸில் உனக்குக் குமட்டும். மே மாதம் பொய்க்கால் பொருத்தி அனுப்பிவிடுவார்கள், அப்போது வந்து கூட்டிப் போ.

உன் பதிலில் எனக்குத் திருப்தி இல்லை. கண் முன்னால் புதுத் தடம் இருக்கும்போது அதை விட்டுவிட்டு வேறு பக்கம் போகும் ஆள் தலைவனாக இருக்கலாமா? அர்ன்ஃபின் நல்லவன்தான். அவன் கல்யாணத்தில் நான்தான் அக்கார்டியன் வாசித்தேன். ஆனால் நாளைக்கு இன்னொருவன் மலையில் கிடப்பான். ஏப்ரல் பதினாறாம் தேதி மீட்புக் குழுவின் ஆண்டுக்கூட்டம். அர்ன்ஃபினை நீக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் தபாலில் போடுவேன். நீ அங்கே இருந்தவள் என்பதால் உன் பெயரையும் சாட்சியாகப் போட்டிருக்கிறேன். கோபத்தில் இதைச் செய்யவில்லை. கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. இரவில் இல்லாத பாதம் அரிக்கும்போது அவன் முகம்தான் வருகிறது.

குட்முண்ட்


லீயா, 2 ஏப்ரல் 1983

குட்முண்ட்,

அந்தக் கடிதத்தைத் தபாலில் போடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். அர்ன்ஃபின்மேல் எந்தத் தவறும் இல்லை. நான்தான்.

போன கடிதத்தில் உனக்குப் பொய் எழுதினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தடத்தைப் பார்த்ததும் அர்ன்ஃபின் என்னைத்தான் முன்னால் கூப்பிட்டான். விளக்கை இரண்டு மூலைகள்மேலும் பிடித்துக் காட்டினான். "ஒட்வெய்க், நீதான் நல்லாப் பாத்துச் சொல்லணும். இது குட்முண்டோட தடமா?"

நான் ஒரு பார்வைதான் பார்த்தேன். "இதுவா? அவனாவது இப்படித் திரும்பறதாவது! இது யாரோ தெரிஞ்ச ஆளு போனது. அவன் திரும்பணும்னா மர லாரி திரும்பற இடம் வேணும்."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆமாம், நீ மேலே கிடக்கும்போது நான் கீழே நின்று அந்த ஜோக்கைச் சொன்னேன்.

அர்ன்ஃபின் விடவில்லை. "நிச்சயமாத்தானா? வேணும்னா ஆளைப் பிரிச்சு மூணு பேரை இந்தப் பக்கம் அனுப்பறேன்."

"எதுக்கு வீணா? இருட்டப் போவுது. இருபத்திரண்டு வருஷமா அவனைப் பாக்கறேன். அவனுக்கு இந்தத் திருப்பம் வராது. க்ரோன் பள்ளத்தாக்குக்கு நடங்க."

எட்டு வருடம் இந்த மாவட்டத்துக்காகப் பனிச்சறுக்குப் பந்தயம் ஓடியவள் சொல்கிறாள், பெண்டாட்டி சொல்கிறாள். அவர்கள் என்ன செய்வார்கள்? போனார்கள். விடிய விடிய அந்தப் பள்ளத்தாக்கைச் சலித்தார்கள். நானும் கூடப் போனேன். உன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே உன்னைவிட்டுத் தூரமாகப் போனேன்.

சீவர்ட் அந்த வாரம் பேரக்குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக ரோரோஸ் போயிருந்தான். ஞாயிறு மூன்று மணிக்குத் திரும்பி வந்தவன், வண்டி நிறுத்துமிடத்தில் விஷயத்தைக் கேட்டதும் என்னைப் பார்த்துக் கத்தினான். "என்ன பேசற நீ? மூணு மாசமா மில்லுக்குப் பின்னாடி அதைத்தானே பழகறான்! உனக்காகத்தான் பழகறான்!" அதற்குப் பிறகுதான் கிழக்குச் சரிவில் ஏறினார்கள். சீவர்ட் என் காப்பியைக் குடிக்காததற்கு அதுதான் காரணம். ஊரில் எல்லோருக்கும் தெரியும். உன்னிடம் நானே சொல்வேன் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. அது மிகச் சின்னச் சொல்லாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது குட்முண்ட். எதையாவது எழுது. திட்டியாவது எழுது.

ஒட்வெய்க்


ட்ரோண்ட்ஹைம், 14 ஏப்ரல் 1983

ஒட்வெய்க்,

ஆண்டுக்கூட்டத்துக்கு எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அர்ன்ஃபினுக்கு ஒரு அட்டை அனுப்பினேன். பத்து நாளாக உனக்கு எழுத ஆரம்பித்து ஆரம்பித்து நிறுத்தினேன்.

நான் ஒளித்து வைத்தது என் தப்பு. போகும் வழியை உன்னிடம் சொல்லாமல் போனது அதைவிடப் பெரிய தப்பு. மலைக்குப் போகிற எவனும் அப்படிச் செய்யக் கூடாது. அதற்கான பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஏன் ஒளித்தேன் என்று யோசித்தாயா? கல்யாணமான முதல் குளிர்காலத்தில் நீ எனக்கு அந்தத் திருப்பத்தைச் சொல்லிக்கொடுத்தாய். மூன்றாவது முறை நான் விழுந்ததும், "போதும், உனக்கு வராது, எழுந்திரு" என்றாய். நானும் எழுந்தேன். அதற்குப் பிறகு வீட்டில் எத்தனையோ விஷயம் எனக்கு வராது என்று ஆகிவிட்டது. குழாய் மாற்ற வராது. கணக்கு வராது. கடிதம் எழுத வராது. நீ சொன்னாய், நான் நம்பினேன், வசதியாகவும் இருந்தது.

அன்றைக்கு "தெரியலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று பேர் ஏறியிருப்பார்கள். அர்ன்ஃபின் அதைத்தானே கேட்டான்? என்னைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று இருக்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லை. பாதம் போனதைவிட எனக்கு அதுதான் வலிக்கிறது. நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னாய். அதனால்தான் வலிக்கிறது.

மே மாதம் நீ வர வேண்டாம். யோவிக்கிலிருந்து அக்கா தூர்பியோர்க் வந்து கூட்டிப் போகிறாள். அவள் வீட்டில் மாடி இல்லை. எவ்வளவு நாள் என்று எனக்கே தெரியாது. உன்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. ஆனால் இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. விழுந்து விழுந்துதான் பழக முடியும். உன் கண் முன்னால் விழ எனக்குத் தைரியம் இல்லை.

குட்முண்ட்


லீயா, 3 மே 1983

குட்முண்ட்,

இந்தக் கடிதத்தை யோவிக் விலாசத்துக்கு அனுப்புகிறேன். தூர்பியோர்க் பிரித்துப் படிக்கட்டும், பரவாயில்லை.

நகராட்சியிலிருந்து ஒரு படிவம் வந்தது. வீட்டில் உனக்கு என்ன உதவி தேவைப்படும் என்று முடிவு செய்ய, நெருங்கிய உறவினர் நிரப்பித் தர வேண்டுமாம். நான்கு பக்கம். அவர் படி ஏறுவாரா? தானாகக் குளிப்பாரா? சமைப்பாரா? கார் ஓட்டுவாரா? முன்பு செய்த வேலைக்குத் திரும்புவாரா? ஒவ்வொன்றுக்கும் எதிரே முடியும், முடியாது என்று இரண்டு கட்டம்.

பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். முதல் பக்கம் முழுவதும் மனதுக்குள் நிரப்பியாகிவிட்டது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படி: முடியாது. குளியல்: முடியாது. அதைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். இருபத்திரண்டு வருடமாக நான் இந்தப் படிவத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். மறுநாள் சீவர்ட் வந்தபோது காட்டினேன். "உனக்குத் தெரியலைன்னா அவனையே கேளேன்" என்றான். அன்றைக்கு ஒரு வாய் காப்பி குடித்தான்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். எந்தக் கட்டத்தையும் நான் தொடவில்லை. எனக்குத் தெரியாது. நீயே நிரப்பி அனுப்பு, வீட்டில் எதை மாற்ற வேண்டும் என்று அதைப் பார்த்துச் செய்கிறேன். நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, செய்து வைக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் நிரப்புபவர் யார் என்று கேட்டிருந்த இடத்தில் மட்டும் என் பெயரை எழுதி, பக்கத்தில் "மனைவி" என்று போட்டிருக்கிறேன். அது இன்னும் சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. தவறென்றால் அடித்துவிடு.

ஒட்வெய்க்