ஒன்பது நாள் எண்ணிய தலைகள்

என் அருமை மகளுக்கு உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் வேளைக்கு மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உலகம் உண்டான நாள் முதல் ஒருவரும் நம்பாத கதை ஒன்றை இப்போது சொல்லப்போகிறேன், சத்தியமாக நீயும் நம்பமாட்டாய். உன் சித்தப்பன் உண்மை எழுதப்போகிறான். சித்தியிடம் சொன்னதற்கு, "உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு, ரயில் நிலையப் படிக்கட்டுப் பக்கம் காபிக்கடைக்கு இடம் பிடிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். எதிரில் நின்று ஒரு மணி நேரத்தில் எண்ணூறு பேரை எண்ணினாயாம், "நம்ம கடை மாதிரியே ஓஹோன்னு வரும் சித்தப்பா" என்கிறாய். படித்ததும் பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்துவிட்டேன். நம் டீக்கடையில் வரிசை தெருமுனை திரும்பி அடுத்த ஊருக்குள் போய்விட்டது, கூட்டத்தை ஒழுங்குபடுத்த குதிரைப் போலீஸ் வந்தது என்றெல்லாம் எழுதினேன் அல்லவா, குதிரையும் இல்லை, வரிசையும் இல்லை. இரண்டு மாதமாகக் கடையில் நான், சித்தி, பாய்லர் மூன்று பேர்தான். அதில் பாய்லர் மட்டும் வேலை செய்கிறது.

இடம் பார்த்த லட்சணத்தைக் கேள். துணி தைக்கும் கம்பெனியின் கேட்டுக்கு எதிரே காலியாகக் கிடந்த கடை. காலிப் பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் மகாராஜா மாதிரி ஒன்பது நாள் உட்கார்ந்து, பத்துப் பேருக்கு ஒரு தீக்குச்சி என்று இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றி எண்ணினேன். குச்சி குவிந்த வேகத்தில் ஊரையே கொளுத்தலாம். கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள், வந்தார்கள், எல்லார் கையிலும் ஒரு பழுப்புக் கவர். பெரிய கம்பெனி, காகிதமும் பெரிதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாளே கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். பாய்லர் வாங்க சித்தி தன் தையல் மெஷினை விற்றாள். கடை திறந்து ஆறு நாள் நல்ல வியாபாரம். ஏழாம் நாள் கேட்டில் சங்கிலி. கம்பெனியை மூடுகிறார்கள், நான் எண்ணிய அத்தனை பேரும் கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட வந்தவர்கள். இப்போது அங்கே காவல்காரர் மட்டும் இருக்கிறார், அவரும் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் டீ கொண்டுவருகிறார். "எண்ணினது சரி, எங்க போறீங்கன்னு ஒருத்தரையாச்சும் கேட்டீங்களா" என்று சித்தி ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு திட்டவே இல்லை. அவள் திட்டாத வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் கண்ணு, என் புளுகை நம்பி வேலையை விடாதே. அந்தப் படிக்கட்டில் இறங்குகிற கூட்டத்தோடு நீயும் நட, எங்கே போய் நிற்கிறார்கள் என்று பார். கையில் என்ன வைத்திருக்கிறார்கள், நின்று குடிக்க நேரம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேள். மழை நாளிலும் போய்ப் பார். அதுவரை கையெழுத்துப் போடாதே. போட்டுவிட்டாய் என்றால் அந்தப் பாவமும் என் தலையில்தான்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. சித்தி உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள், கடிதத்தில் எப்படிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. நீ கால் வைக்கும் இடம் நல்ல இடமாக அமையட்டும். பதிலை உடனே போடு, கையெழுத்துப் போட்டுவிட்டாயா என்பதற்கு ஆம் இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

ஆசிகளுடன்,
உன் சித்தப்பா

விட்டுப்போனது: டீயின் ருசியில் மயங்கி ஜனங்கள் தாங்களே டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று முன்பு எழுதினேன். அதில் கொஞ்சம் நிஜம். ஒரே ஒரு அம்மா கழுவினாள், ஆறாம் நாள், கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. நான் தடுத்தேன். "பதினாலு வருஷம் காலர் தைச்ச கை அண்ணே, சும்மா இருக்கமாட்டேங்குது" என்றாள். தன் டம்ளரை முடித்துவிட்டு, வாளியில் கிடந்த மற்றதையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள்.